இரும்புக்கு இனிஷியல் வந்த கதை

இங்கே குஜராத்தில் ஃபேப்ரிகேஷன் ஷாப்புக்கு வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பசங்க பலர், 'எஸ்ஏ 516 கிரேடு 70' என்பதை ஃபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்குங்க.

முதலில் 'ஏ'. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ரயில்வே கம்பெனிகளுக்குத் தண்டவாளம் பெரிய தலைவலி. சில சீக்கிரமே தேய்ந்தன, சில உடைந்தன. பென்சில்வேனியா ரயில்ரோடில் 1875-ல் சேர்ந்த சார்லஸ் டட்லி என்ற வேதியியலாளர், எந்தக் கலவை உருக்கு நன்றாக உழைக்கிறது என்று ஆராய்ந்து, அதன்படி தண்டவாளம் கேட்க ஆரம்பித்தார். உருக்காலைக்காரர்களுக்குக் கோபம், தங்களுக்கே பாடமா என்று. வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் தீரும் என்று டட்லி நினைத்தார். 1898-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய அமைப்பு பிற்பாடு ஏஎஸ்டிஎம் ஆனது. 1901-ல் வந்த 'ஏ1' தண்டவாள உருக்குக்கானது.

'ஏ' என்றால் இரும்பு, உருக்கு வகையறா. அடுத்து வரும் 106, 335, 516 எல்லாம் வெறும் வரிசை எண். அதில் பலத்தைத் தேடாதீர்கள்.

இனி 'எஸ்'. 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் குரோவர் ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். 1907-ல் அந்த மாநிலம் பாய்லர் விதிகள் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு ஒரு விதி என்றால் பாய்லர் செய்கிறவர் என்ன செய்வார்? ஏஎஸ்எம்இ 1911-ல் குழு போட்டு, 1914-ல் பொது விதிநூலை முடித்தது. அந்த விதிநூல் ஏற்றுக்கொண்ட 'ஏ' பொருள்தான் 'எஸ்ஏ'. பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. சிலவற்றில் கூடுதல் நிபந்தனை உண்டு.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகே 1864-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. 1923-ல் அகில இந்தியச் சட்டம். 2025-ல் அதற்குப் பதில் புதிய சட்டம்.

கடைசியில் கிரேடு. குழப்பமே இங்கேதான். 516-ல் வரும் 70, சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவிசை தாங்கும் என்பதைச் சொல்கிறது. 106 கிரேடு பி-யில் வெறும் எழுத்து. அதன் பலம் 60,000. 335 பி11-ல் வரும் 'பி' பைப்பின் பி (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது!). 11 என்பது குரோமியத்தின் சதவீதம் இல்லை. குரோமியம் சுமார் 1.25 சதவீதம்தான்.

இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் என்பவர்களுக்கு: 2005 ஜூலை 28, டெக்சாஸ் சிட்டி பிபி ரிஃபைனரி. அந்த பிப்ரவரியில் பராமரிப்புக்குக் கழற்றிய எல்போக்கள், திரும்ப மாட்டும்போது இடம் மாறிவிட்டன. அலாய் ஸ்டீல் இருக்கவேண்டிய இடத்தில் கார்பன் ஸ்டீல். அளவும் ஒன்று, தோற்றமும் ஒன்று. சூடான ஹைட்ரஜன் அதைப் பலவீனமாக்கி, ஐந்தே மாதத்தில் உடைந்து தீப்பிடித்தது. ஒருவருக்கு லேசான காயம். நஷ்டம் 3 கோடி டாலர். (மார்ச்சில் அங்கே 15 பேர் இறந்தது வேறு விபத்து.)

ஆகவே பசங்களா, பைப்பை வெட்டும் முன் அதிலுள்ள எழுத்தை மீதித் துண்டிலும் எழுதிவிடுங்கள். வெட்டிய பிறகு கண்ணால் பார்த்து எது எந்த உருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.