இரண்டு சென்ரிமீற்றர் வேறுபாடு: மின்தூக்கி மட்டமாக நிற்பது எப்படி?

மின்தூக்கியின் கதவு திறக்கும்போது பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் ஏற்ற இறக்கத்தை இரு கால்களும் நலமாக உள்ளவர் கவனிக்காமலே தாண்டிவிடுவார். சாதாரண நடையில் பாதத்தின் நுனி நிலத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றரே உயர்கிறது. கணுக்காலை மடக்கி நுனியைத் தூக்க முடியாத செயற்கைக்கால் அந்த விளிம்பில் இடறும். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்களும் அங்கேதான் முட்டி நிற்கும். மிதிவெடியிலும் எறிகணை வீச்சிலும் கால் இழந்தவர்கள் வாழும் எமது ஊர்களில், இது வெறும் பொறியியல் விடயம் அல்ல.

மட்டம் ஏன் தவறுகிறது?

பெட்டியைத் தாங்குவது உருக்குக் கம்பிவடம். பாரம் ஏறினால் அது சிறிது நீளும், இறங்கினால் சுருங்கும். 30 மீற்றர் நீள வடத்தில் எட்டுப் பேர் ஏறினால் பெட்டி ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் தாழக்கூடும். தடுப்பின் தேய்மானமும் வடம் சில்லில் வழுக்குவதும் இதனோடு சேரும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மின்தூக்கிகளில் எண்ணெயின் வெப்பநிலை மாறினாலும் நிற்கும் இடம் மாறும். ஆகவே, மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்ற கணக்கு மட்டும் போதாது. பெட்டி உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை ஏதோ ஒன்று பார்த்துச் சொல்லவேண்டும்.

ஒளி உணரியின் வேலை

அந்தக் கண்தான் ஒளி உணரி. பெரும்பாலும் இது ஆங்கில 'யு' எழுத்தின் வடிவில் இருக்கும். ஒரு கரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்ப, மறு கரம் அதைப் பெறும். உணரிகள் பெட்டியோடு பயணிக்கும். ஒவ்வொரு மாடிக்கும் நேராக ஒரு மெல்லிய தகடு பொருத்தப்பட்டிருக்கும். தகடு கரங்களுக்கிடையே புகுந்ததும் ஒளி மறையும்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரு உணரிகள் உள்ள அமைப்பில், இரண்டும் மறைந்தால் பெட்டி மட்டமாக நிற்கிறது. மேல் உணரிக்கு மட்டும் ஒளி தெரிந்தால் பெட்டி மேலே போய்விட்டது. கீழ் உணரிக்கு மட்டும் தெரிந்தால் தாழ்ந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை மெதுவாக இயக்கி அதைச் சரிசெய்யும். ஆட்கள் ஏறி இறங்கும்போது, கதவு திறந்திருக்கையிலும் இந்தத் திருத்தம் நடக்கலாம்.

ஒளி துடிப்புகளாக அனுப்பப்படுவதால் வெளி வெளிச்சம் அதை எளிதில் ஏமாற்றாது. ஒன்றோடொன்று உரசாததால் தேய்மானமும் இல்லை. ஆனால் தூசியும் கிறீசும் இதன் எதிரிகள்: அழுக்குப் படிந்த கண்ணுக்குத் தகடு வராமலே இருள் தெரியும்.

புதிய சில மின்தூக்கிகளில் தகடுகளுக்குப் பதிலாக, மேலிருந்து கீழ்வரை ஒரு குறியீட்டு நாடா தொங்கும். பெட்டியிலுள்ள கமரா அதை வாசித்து மில்லிமீற்றர் அளவில் இடத்தை அறியும். மின்தடைக்குப் பின்னரும் பெட்டி தன் இடத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை.

அளவும் சட்டமும்

ஐரோப்பிய நியமமான ஈ.என். 81-20இன்படி பெட்டி 10 மில்லிமீற்றருக்குள் துல்லியமாக நிற்கவேண்டும். ஏற்றி இறக்கும்போது வேறுபாடு 20 மில்லிமீற்றரைத் தாண்டினால் திருத்தவேண்டும். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் உள்ளன. அவற்றைப் பின்பற்றுமாறு உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. வாசலில் சரிவுப்பாதை அமைத்துவிட்டு, உள்ளே மின்தூக்கியின் படியில் ஒருவரை இடறவிட்டால் அது அணுகுவசதி ஆகாது.

கவனிக்க வேண்டியவை

• ஒரு மாடியில் மட்டும் மட்டம் தவறினால், அந்த மாடியின் தகடு அசைந்திருக்கலாம்.
• எல்லா மாடிகளிலும் தவறினால் உணரியையோ தடுப்பையோ பார்க்கவேண்டும்.
• ஆட்கள் நிறையும்போது மட்டும் தாழ்ந்தால், மீள்மட்டத் திருத்தம் வேலை செய்யாமல் இருக்கலாம்.
• சக்கர நாற்காலியைத் தள்ளுபவர், பின்புறமாக உள்ளே நுழைந்தால் பெரிய சில்லுகள் முதலில் விளிம்பைத் தாண்டும்.

முறையிடும்போது "லிப்ற் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மாடி, மேலே போகும்போதா கீழே வரும்போதா, எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு உயரம் என்று எழுதிக் கொடுங்கள். திருத்த வருபவருக்குக் கோளாறைத் தேட அது வழிகாட்டும். அசட்டை செய்தால் கேள்வி கேட்க உங்களுக்கு ஆதாரமாகவும் இருக்கும்.