அற்புத மரமும் அவசரக் கோழியும்

பிராய்லர் கோழின்னாலே நம்மாளுங்க ஊசி, ஹார்மோன்னு ஆரம்பிச்சிடுவாங்க. இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. கோழி திங்கிற தீனியைப் பத்தி.

பிராய்லர் வளர்க்கிற செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போயிடுது. அதிலும் புரதத்துக்கு நம்பியிருக்கிறது சோயாப் புண்ணாக்கை. சோயா விலை ஏறினா பண்ணைக்காரர் பாடு திண்டாட்டம். அதனாலதான் 'பயறுவகைத் தழையைக் காயவச்சு அரைச்சுப் போட்டா என்ன?'ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்படி மாட்டின ஒரு மரத்தின் கதை இது.

மரத்தின் பேர் சூபாபுல். நம்ம பக்கம் சவுண்டல்னும் சொல்லுவாங்க, ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுவோமே அதேதான். பூர்வீகம் மெக்சிகோ. ஸ்பானியர்களின் கப்பலேறி பிலிப்பைன்ஸ் போய் அங்கே 'இப்பில்-இப்பில்' ஆச்சு. 1970களில் இதுக்கு வந்தது பாருங்க ஒரு மவுசு! 1977ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இந்த ஒரு மரத்துக்காகவே தனி அறிக்கை போட்டுச்சு. 'அற்புத மரம்'னு பட்டம் வேற. இந்தியாவில் இதைப் பரப்பினதில் புனே பக்கத்து உருளி காஞ்சன் மணிபாய் தேசாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டம் சும்மா வரலை. காய்ந்த இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல. முட்டைக் கருவையும் கோழித் தோலையும் மஞ்சளாக்கும் நிறமியும் தாராளம். அப்புறம் என்ன பிரச்சினை?

மிமோசின். இலையிலேயே இருக்கிற ஒரு நச்சு அமினோ அமிலம். குதிரை தின்னா முடி கொட்டும். கோழி தின்னா வளர்ச்சி குறையும்.

மாட்டுக்கு மட்டும் ஒரு வழி கிடைச்சுது. ஹவாய் ஆடுகள் இதைத் தின்னுட்டு ஜம்முனு இருக்க, ஆஸ்திரேலிய மாடுகள் ஏன் நோவுதுன்னு யோசிச்சார் ரேமண்ட் ஜோன்ஸ்ங்கிற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. விடை ஆட்டின் வயித்துக்குள்ள இருந்த பாக்டீரியா! 1980களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாத்தினாங்க, பிரச்சினை தீர்ந்துச்சு. 1992ல் அந்தக் கிருமிக்கு அவர் பேரையே வச்சாங்க: சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை.

கோழிக்கு அந்த வழி இல்லை. அசைபோடுற வயிறே கிடையாதே! நார் வேற ஜாஸ்தி. ஆறு வாரத்துக்குள்ள ரெண்டு கிலோ தேறணும்னே உருவாக்கின பறவை, தழையை நிதானமா செரிக்க அதுக்கு ஏது நேரம்? அதனால 5 சதவீதம் அளவோட நிறுத்திக்கணும்ங்கிறதுதான் பொதுவான அறிவுரை. அது சோயாவை விரட்டப் போதாது.

வேடிக்கை என்னன்னா, பச்சை சோயாவிலும் செரிமானத்தைக் கெடுக்கும் சரக்கு உண்டு. சூடாக்கினா சோயா நல்ல தீனியாகும்னு 1917லேயே ஆஸ்பார்ன், மெண்டல் ரெண்டு பேரும் எலிகளை வச்சுக் காட்டிட்டாங்க. ஆலையில் வறுத்து எடுத்தா வேலை முடிஞ்சுது. சவுண்டல் இலை அவ்வளவு லேசில் வழிக்கு வராது. ஊறவச்சா மிமோசின் குறையும். ஆனா ஊறவச்சு, மறுபடி காயவச்சு, அரைச்சு எடுக்கிற கூலியை யார் கொடுக்கிறது?

போதாக்குறைக்கு 1980களின் நடுவில் ஒரு குட்டிப் பூச்சி பசிபிக்கைத் தாண்டி ஆசியாவுக்கு வந்து கொழுந்தையெல்லாம் உறிஞ்சிட்டுப் போச்சு. அற்புதப் பட்டமும் அதோட மங்கிடுச்சு.

என்னைக் கேட்டா மரத்து மேல தப்பே இல்லை. ஆட்டுக்கு அது இன்னிக்கும் அமுதம்தான். ஒரு தழை நல்லதா கெட்டதான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, யார் வயித்துக்குன்னு கேட்கணும். 'சோயாவுக்கு மாற்று வந்தாச்சு'ன்னு யாராவது அடுத்த செடியைக் காட்டினா, நான் முதலில் கேட்கப்போறது இதைத்தான். நீங்களும் கேளுங்க.