உப்புக்காற்றில் ஒரு பழைய மோட்டார்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் செல்லும் சுமார் 45 கிலோமீட்டர்ச் சாலை, கிழக்கே வங்கக்கடலையும் மேற்கே நஞ்சை வயல்களையும் வைத்துக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் முதலிய ஊர்களை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்கிறது. இந்தச் சாலையில் மாலை வேளையில் வீசுகிற காற்று மனிதருக்கு எவ்வளவு இதமாக இருப்பினும், அதில் கலந்து வரும் உப்பு இரும்புக்குப் பரம சத்துரு என்பதை இந்த ஜில்லாவின் கொல்லர்களும், வண்டிக்காரர்களும், பிற்காலத்தில் மோட்டார் மேஸ்திரிகளும் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே, இங்கே ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை, அதிலும் மெல்லிய தகடும் மரச் சட்டமும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்கு வாங்கினால், அதனைச் சுத்தம் செய்து ஓட்டத்துக்குத் தயார் செய்வது சோப்பு நீரோடும் மெருகுத் துணியோடும் முடிந்துவிடுகிற காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதற்கென்று ஒரு தொழிலும், அத்தொழிலுக்கென்று ஒரு கிரமமும் உண்டு. அந்தக் கிரமம் மோட்டார் இந்நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஆண்டுக்கு இருமுறை தேர்த்திருவிழா நடைபெறுகிறது. விநாயகர், சுப்பிரமணியர், நடராஜர், சிவகாமி அம்மை, சண்டிகேசுவரர் ஆகியோர் ஐந்து தேர்களில் நான்கு மாடவீதிகளையும் வலம் வருவதைக் காணத் திரளும் ஜனங்களுக்குக் கண்ணில் படுவது தொம்பைகளும், சீலைகளும், வாழை மரங்களுமாகிய அலங்காரமே. ஆனால் அந்த அலங்காரம் கடைசியில் வருவது. அதற்கு முன்பு ஆசாரிமார் தேரின் அடிப்பாகத்தில் புகுந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, உளுத்த இடத்தை ஓசையாலேயே கண்டுகொண்டு, அச்சையும் சக்கரத்தையும் சோதித்து, ஆப்புகளை இறுக்கி முடித்த பிறகுதான் மேல்வேலை தொடங்கும். மாட்டுவண்டிப் பட்டறையிலும் இதே முறைதான். வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மரச்சக்கரத்தின்மேல் ஏற்றி நீரூற்றிக் குளிரவைக்கும் கொல்லர், முதலில் ஆரக்கால்கள் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்ப்பார். அச்சுக்கு இடும் மையோ, வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தது. இந்த விளக்கெண்ணெயைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

சென்னை நகரத்தில் மோட்டார் கார் நடமாடத் தொடங்கியது 1901-ல், பாரி கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான ஏ. ஜே. யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து தம் காரியாலயத்துக்குக் காரில் போய்வரத் தொடங்கியபோது என்று சொல்வதுண்டு. 1903-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார் எம்.சி. 1 என்னும் முதல் பதிவு எண்ணைப் பெற்றது. அதே ஆண்டில், 1840 முதல் குதிரைக் கோச்சுகளைக் கட்டிவந்த சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைத் தாமே செய்து ஓட்டிக் காட்டினார். பாரி கம்பெனியின் பெயர் கடலூர்க்காரர்களுக்குப் புதிதன்று. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை அவர்களுடையது, கம்பெனியை ஸ்தாபித்த தாமஸ் பாரி 1824-ல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதி கண்டு இறந்து, அடக்கமானதும் கடலூரில்தான். அந்தப் பரங்கிப்பேட்டையிலேயே 1830-ஐ ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துக் கனிமத்தை வரவழைத்து இரும்பு உருக்கினார் என்பதையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தமே. இரும்பைப் பற்றிய ஞானம் இந்தக் கடற்கரைக்குத் தொன்று தொட்டது.

கோச்சு கட்டியவர்களின் கைகளிலேயே மோட்டாரின் உடலும் முதலில் உருவானதால், அதைப் பராமரிக்கும் வழக்கங்களும் அவர்களிடமிருந்தே வந்தன. அக்காலத்துக் காருக்கு வர்ணம் பூசுவது பொறுமைக்கு ஒரு சோதனை. தூரிகையால் ஒரு பூச்சு பூசி, அது உலர நாட்கணக்கில் காத்திருந்து, நுரைக்கல் பொடியாலும் நீராலும் தேய்த்துச் சமப்படுத்தி, மீண்டும் மேற்பூச்சு பூசி, முடிவில் வார்னிஷ் இட்டு நிறுத்த வாரங்கள் பல ஆகும். 1920-களில் அமெரிக்காவில் டூக்கோ என்னும் செல்லுலோஸ் வர்ணம் வந்து, குழலால் பீச்சியடித்தால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும் என்றான பிறகு அந்தப் பொறுமைக்கு அவசியமில்லாமற் போயிற்று. தொழில் விருத்தியடைந்தது உண்மையே. ஆனால், வர்ணம் சீக்கிரம் உலரும் வசதியே, அடியில் உள்ள துருவை ஆராயாமல் மூடிவிடும் துர்ப்பழக்கத்துக்கும் வாயில் திறந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் இத்தொழிலுக்கு எதிர்பாராத ஒரு பயிற்சியைக் கொடுத்தது. 1941 முதல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. சொந்தக் கார் வைத்திருந்த மிராசுதார்களிலும் வக்கீல்களிலும் பலர் தங்கள் வாகனங்களைக் கட்டைமேல் தூக்கி நிறுத்திக் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற இயந்திரத்தை மீண்டும் எழுப்புவது, தினமும் ஓடும் இயந்திரத்தைச் செப்பனிடுவதினும் கடினமானது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். இருக்கையின் பஞ்சில் எலி குட்டி போட்டிருக்கும். இத்தகைய கார்களின் அடியில் மண்ணெண்ணெய்த் தட்டும் பஞ்சு வேஸ்டுமாகக் கிடந்து தொழில் கற்ற கிளீனர் பையன்களே அடுத்த தலைமுறையின் மேஸ்திரிகள் ஆனார்கள். ஏட்டுக் கல்வியாக இயந்திரவியல் சிதம்பரத்துக்கு வந்தது 1945-ல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவு தொடங்கப்பட்டபோது.

சுதந்திரத்துக்குப் பிறகு அயல்நாட்டுக் கார்களின் இறக்குமதி படிப்படியாக இறுகியது. 1953-ல், உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டமுள்ளவர்களுக்கே இடமுண்டு என்று அரசாங்கம் தீர்மானித்ததும், பாகங்களைத் தருவித்துப் பொருத்தி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கடையைக் கட்டின. எனவே வேகத்தில் பிரியமுள்ள வாலிபர் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்று விரும்பினால், வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் விட்டுச் சென்றவற்றில் ஒன்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதே 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்திற்று. அங்கே திரண்ட பதினாயிரக்கணக்கான ஜனங்கள், பெரும்பாலும் இப்படிப் பழையதை வாங்கிப் புதுப்பித்த வண்டிகளின் ஓட்டத்தையே கண்டு களித்தார்கள். புதியது வாங்க வழியில்லாத ஒரு தேசத்தில், பழையதைச் சீராக்கும் ஞானம் இல்லாமல் பந்தயமே நடந்திராது.

அவ்வகைக் கார்களுக்கு ஓர் உதாரணமாக, 1945-க்கும் 1949-க்கும் இடையில் சுமார் 10,000 மட்டுமே செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்வோம். 1250 சி.சி. இயந்திரம், 19 அங்குல ஆரக்கம்பிச் சக்கரங்கள், துணிக் கூரை. தகட்டுக்கு உள்ளே ஆஷ் என்னும் சீமை மரத்தால் இழைத்த சட்டம். இப்படி ஒரு வண்டி கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தால், அனுபவமுள்ள மேஸ்திரி வாளியையும் துணியையும் நாடமாட்டார். முதலில் கதவைத் திறந்து, கீழிருந்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார். கதவு கீலோடு சேர்ந்து ஆடினால், தூணாக நிற்கும் மரம் மழைநீரை உறிஞ்சி உளுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு சக்கரத்தின் ஆரக்கம்பிகளை ஒரு சிறு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மழுங்கிய ஓசை தரும். சிதம்பரத்துத் தேரடியில் ஆசாரி காதால் செய்யும் பரீட்சையும் இதுவும் வேறல்ல. சீமை மரம் கிடைக்காத இந்நாட்டில் தேக்கே அதற்கு ஈடாக நின்றது. கதவுத் தூணைக் கழற்றி அளவெடுத்துப் புதிதாக இழைத்துக் கொடுக்கும் கை, ஜன்னலுக்கும் கலப்பைக்கும் மரம் இழைத்த அதே கைதான்.

கழுவும் வேலைக்கும் ஒரு நியாயம் உண்டு. கடலோரத் தெருக்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அதனால் காரைக் கழுவுவது உப்பை உப்பால் அகற்ற முயல்வதாகும். நல்ல நீரைக் கொண்டு, மட்கார்டின் உட்புறம், சட்டத்தின் மூலைகள், கதவின் அடிவிளிம்பு ஆகிய சேறு தங்கும் இடங்களை முதலில் கழுவ வேண்டும். வெளிப்புறத்தை எத்தனை முறை துடைத்தாலும், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு பிடி ஈரச் சேறு தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்; துளை அடைபட்ட கதவு ஒரே மழைக்காலத்தில் தொட்டியாகிவிடும். ரேடியேட்டரில் படிந்த சுண்ணாம்பைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் அலசி, பின்பு சேமித்த மழைநீரை நிரப்புவது உத்தமம்.

இனி, விளக்கெண்ணெய். மாட்டுவண்டியின் அச்சுக்கு உதவிய அதே எண்ணெய், கடும் சூட்டிலும் பிடிப்பு விடாத குணத்தால், முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் இயந்திரங்களுக்கும், பின்னர் பந்தயக் கார்களுக்கும் உயிர்நாடியாயிற்று. காஸ்ட்ரால் என்று உலகமெங்கும் விற்பனையான எண்ணெய், ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 1909-ல் தன் பெயரைப் பெற்றது. ஆனால் அதற்கு ஒரு தோஷமும் உண்டு: நாள்பட நிற்கவிட்டால் பிசினாக இறுகிவிடும், மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயோடு கலக்கவும் மறுக்கும். ஆகையால் பந்தயத்தில் ஓடிய பழைய காரை வாங்கியவர், அதில் முன்பு என்ன எண்ணெய் இருந்தது என்று அறியாமல் சாதாரண எண்ணெயை ஊற்றினால், இறுகிய பிசின் எண்ணெய்க் குழாயை அடைத்துப் பேரிங்குகளை நாசமாக்கிவிடும். அடிச்சட்டியைக் கழற்றி, முழுதும் மண்ணெண்ணெயில் கழுவி, வடிகட்டியையும் குழாய்களையும் ஊதித் துடைத்த பிறகே புதிய எண்ணெய் விடத்தக்கது. பிரேக்குக்கு இடும் அக்காலத்துத் திரவத்திலும் விளக்கெண்ணெயே மூலப்பொருள். அவசரத்தில் இயந்திர எண்ணெயை அங்கே ஊற்றியவர்களின் வண்டிகளில் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்து, மிதித்தபோது நிற்காமற் போயின. அழகு பார்ப்பதற்கு முன் பிரேக் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரிகள் பையன்களை அதட்டியதில் தயவு இருந்தது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் தகட்டு வேலை, பட்டி பார்த்தல், வாட்டர் பேப்பரால் தேய்த்தல், வர்ணம். இந்த இடத்தில் என் மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டியால் அடைத்துப் பளபளக்கும் சிவப்பு வர்ணம் அடித்து விற்கிறவர், அந்தக் காரைக் கொட்டகையில் மறந்துபோனவரைக் காட்டிலும் பெரிய அபராதி. மறந்தவரிடத்தில் துரு வெளிப்படையாகத் தெரியும். மறைத்தவரிடத்தில் அது உள்ளே வளரும். அவ்வாறே, ஐம்பது அறுபது வருஷம் தாங்கிய மூல வர்ணம் ஆங்காங்கே மங்கியிருப்பினும், அடித்தகடு உறுதியாக இருக்குமானால் அதைச் சுரண்டி எறியாமல் மெழுகிட்டுக் காப்பதே விவேகம். தோல் இருக்கையின் வெடிப்புகளுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

சொந்த ஸ்போர்ட்ஸ் கார் கிட்டாதவர்களுக்கு அதற்கு நெருங்கிய உறவுள்ள உள்நாட்டுக் கார் ஒன்றில் கைபழகும் வழி தென்பட்டது. 1961 முதல் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. முகப்பு முழுவதையும் ஒரே மூடியாகத் தூக்கித் திறக்கும் ஹெரால்டில் வேலை பழகியவருக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமாகத் தோன்றாது.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக வரும் ஆயுத பூஜை இந்த ஜில்லாவுக்கு மிகவும் இசைந்த பண்டிகை. சந்தனமும் குங்குமமும் இடுவதற்காகவேனும் அன்று ஒவ்வொரு வாகனமும் கழற்றிக் கழுவப்படுகிறது. அந்தச் சாக்கில், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஓட்டைகளும் துருவும் கண்ணுக்கு வந்துவிடுகின்றன. தேரிடமிருந்து மோட்டார் பெற்ற கடனும் ஒருபுறம் திரும்பச் செலுத்தப்பட்டிருக்கிறது: திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும், மோட்டாரில் உள்ளதைப் போன்ற ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள்.

செப்பனிட்ட இயந்திரத்தை உடனே வேகமாக ஓட்டலாகாது. புதிய வளையங்களும் பேரிங்குகளும் ஒன்றோடொன்று பழகும் வரையில் மிதமான வேகத்தில், ஒரே சீராக மிதிக்காமல் ஏற்றியும் இறக்கியும், அதிகாலையில் கடலூரிலிருந்து புறப்பட்டுச் சிதம்பரம் கீழவீதி வரை சென்று திரும்புவது தகுந்த பயிற்சியாகும். அவ்வாறு ஐந்து தடவை போய்வந்தால் சுமார் 450 கிலோமீட்டர் ஆகிவிடும். அப்போது எண்ணெயைச் சுத்தமாக வடித்துப் புதிது மாற்றி, சிலிண்டர் மூடியின் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வரிசையாக இறுக்கி, வால்வு இடைவெளியை மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும்.