பூட்டபிள் நிறுவல் ஊடகத்தின் வளர்ச்சி: காந்த நாடாவிலிருந்து பென் டிரைவ் வரை

கணினியில் சுவிட்சைப் போட்ட நொடியில் அதன் நினைவகத்தில் இயங்குதளம் எதுவும் இருப்பதில்லை. மதர்போர்டில் உள்ள சிப் ஒன்றில் பதிந்த சிறிய நிரல்தான் முதலில் ஓடத் தொடங்கும். அடுத்த நிரலை எந்தத் தட்டில், எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது அதற்கு முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கும். அங்கே கிடைப்பதை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். இயங்குதளத்தை நிறுவப் பயன்படும் பிளாப்பி, சிடி, பென் டிரைவ் எல்லாமே இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத் தயாராகுபவை. ஊடகங்கள் மாறிய வேகத்தில் விதி மாறவில்லை. ஆகவே புதிதாக வந்த ஒவ்வோர் ஊடகமும் தன்னைப் பழைய ஊடகமாகக் காட்டிக்கொண்டுதான் கணினிக்குள் இடம்பிடித்தது. இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் போக்கு இதுவே.

பிளாப்பி தோன்றியதே கணினியைத் தொடங்கிவைக்கும் வேலைக்காகத்தான். ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/370 வகைக் கணினிகளுக்கு, ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் நுண்நிரலை ஏற்ற மலிவான ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக 1971இல் வெளியான 8 அங்குலத் தட்டு ஏறத்தாழ 80 கிலோபைட் கொண்டது. அதைப் படிக்க மட்டுமே முடியும். தரவைச் சேமிக்கும் பொதுப் பயன்பாடு அதற்குப் பிறகு வந்தது.

பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு 1975இல் வெளியானது. அதைக் காந்த நாடாவிலிருந்து பிடிபி-11 கணினியில் நிறுவிய முறையைக் கூர்ந்து பார்த்தால் பிற்கால உத்திகள் பலவற்றின் வேர் தெரியும். நாடாவின் தொடக்கத்திலிருந்து ஏறும் சிறு நிரல் ஒரு சமக்குறியை அச்சிட்டுக் காத்திருக்கும். நகலெடுக்கும் நிரலின் பெயரைத் தட்டச்சு செய்தால், தட்டில் எந்தத் தொகுதி, நாடாவில் எந்தத் தொகுதி, மொத்தம் எத்தனை தொகுதிகள் என்று அது கேட்கும். முதல் சுற்றில் 512 பைட் அளவுள்ள ஒரே ஒரு தொகுதி தட்டின் தொடக்கத்தில் எழுதப்படும். அதுவே பூட் தொகுதி. அடுத்த சுற்றில் கோப்பு முறைமை முழுவதும் தொகுதி தொகுதியாகத் தட்டுக்கு வந்து சேரும். இங்கே கோப்புகள் தனித்தனியாக நகலெடுக்கப்படவில்லை. தட்டின் முழு உருவமும் அப்படியே பெயர்க்கப்படுகிறது. இன்று சிடியின் முழு உருவத்தைத் தாங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதும் டிடி கட்டளை செய்வதும் இதே வேலைதான். டிடியும் யூனிக்ஸின் அந்தக் காலத்துக் கருவியே.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசி, பிற்காலம் முழுவதையும் கட்டிப்போட்ட ஒரு மரபை நிறுவியது. அதன் சிப்பில் பதிந்த பயாஸ் நிரல் பிளாப்பியின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் ஏற்றி அங்கே தாவும். அதற்கு மேல் பிளாப்பியின் உள்ளடக்கத்தைப் பற்றி பயாஸுக்கு எதுவும் தெரியாது. 10 எம்பி ஹார்ட் டிஸ்குடன் 1983இல் எக்ஸ்டி வந்தபோது ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டரின் அமைப்பும் உறுதிப்பட்டது: 446 பைட் நிரல், நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு 64 பைட், கடைசியில் 55, ஏஏ என்ற இரண்டு அடையாள பைட்டுகள்.

இந்தக் கணினிகளின் இயங்குதளமான டாஸின் கோப்புகளைப் பிளாப்பி ஒன்றில் வெறுமனே நகலெடுத்தால் அது பூட் ஆகாது. இதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. அந்த 512 பைட்டுக்குள் தட்டின் அளவு விவரம், நிரல், பிழைச் செய்தி எல்லாம் அடங்க வேண்டும். சிஸ்டம் தட்டு இல்லை, மாற்றிவிட்டு ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும் என்று பயனரிடம் சொன்ன புகழ்பெற்ற ஆங்கில வாக்கியம்கூட அந்த செக்டருக்குள்தான் இருந்தது. கோப்புகளை முறையாகத் தேடிப் படிக்கும் நிரலுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஐஓ.சிஸ் கோப்பு அடைவுப் பட்டியலின் முதல் வரியில், தட்டின் குறித்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்று பழைய டாஸ் பதிப்புகள் எதிர்பார்த்தன. ஃபார்மேட் கட்டளையோடு சேர்த்த எஸ் குறியும் சிஸ் கட்டளையும் இந்த இடத்தை ஒதுக்கவும் பூட் செக்டரை எழுதவும் ஏற்பட்டவை. எதையும் சரிபார்க்காமல் முதல் செக்டரை நம்பிய இதே ஏற்பாடு நச்சுநிரல்களுக்கும் வழிவிட்டது. 1986இல் லாகூரிலிருந்து பரவிய பிரைன், பிளாப்பியின் பூட் செக்டரில் குடியேறிய நச்சுநிரல்.

லினக்ஸின் தொடக்க ஆண்டுகளில் நிறுவல் ஊடகம் தயாரிப்பது பயனரின் பொறுப்பாயிற்று. முதலில் பூட், ரூட் என்று இரண்டு பிளாப்பிகள் புழங்கின. ஒன்றில் கெர்னல், மற்றொன்றில் கோப்பு முறைமை. 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தின் ஓவன் லெ பிளாங்க் வெளியிட்ட எம்சிசி இன்டெரிம் லினக்ஸ் இவற்றைத் தொகுத்து நிறுவலை எளிமையாக்கியது. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர், பிளாப்பி இமேஜ்களின் வரிசையாக வந்தது. டாஸ் வைத்திருந்தவர்கள் ராரைட் என்ற சிறு நிரலால் ஒவ்வோர் இமேஜையும் 14,74,560 பைட் கொள்ளும் பிளாப்பியில் எழுதினார்கள். வரிசையில் ஒரு தட்டு பழுதானாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

இந்தச் சிக்கலுக்கு சிடி விடையாகத் தெரிந்தது. ஆனால் சிடியிலிருந்து பூட் செய்ய பயாஸுக்குத் தெரியாது. 1995இல் கடைகளில் விற்ற விண்டோஸ் 95 சிடியும் தானாகப் பூட் ஆகவில்லை. முதலில் பிளாப்பியில் டாஸைத் தொடங்கி, சிடி டிரைவுக்கான டிரைவர் நிரலை ஏற்றிய பிறகே சிடியைப் படிக்க முடிந்தது. பல கம்பெனி டிரைவ்களுக்கும் பொருந்தும் ஓக்சிடிரோம்.சிஸ் கோப்பு விண்டோஸ் 98 பூட் பிளாப்பியில் இடம்பெற்றதால், பழுது பார்ப்பவர்கள் அந்த ஒரு பிளாப்பியை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்தார்கள்.

ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் கர்டிஸ் ஸ்டீவன்ஸும் ஐபிஎம்மின் ஸ்டான் மெர்கினும் எழுதி 1995 ஜனவரியில் வெளியான எல் டொரிட்டோ வரையறை இந்தத் தடையை நீக்கியது. கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இருந்த ஓர் உணவகத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சிடியின் கோப்பு அமைப்பை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9660 தரம், 2,048 பைட் கொண்ட செக்டர்களில் முதல் பதினாறைத் தொடாமல் விட்டிருந்தது. பூட் விவரம் எங்கே உள்ளது என்ற குறிப்பை எல் டொரிட்டோ 17ஆம் எண் செக்டரில் வைத்தது. அந்தக் குறிப்பைப் பின்பற்றும் பயாஸ், சிடிக்குள் புதைந்த 1.44 எம்பி பிளாப்பி இமேஜ் ஒன்றை உண்மையான ஏ டிரைவ்போல் இயக்கும். டாஸ் அதில் ஐயமின்றித் தொடங்கும். இப்படி பிளாப்பியாக நடிக்காமல் நேரடியாகப் பூட் செய்யும் முறையும் அதே வரையறையில் இருந்தது. விண்டோஸ் என்டி 4.0 சிடியும், பின்னர் ஹெச். பீட்டர் ஆன்வின் எழுதிய ஐசோலினக்ஸும் அந்த நேரடி முறையைப் பயன்படுத்தின. இருந்தும் பிளாப்பி உடனே மறையவில்லை. விண்டோஸ் 2000 நான்கு பிளாப்பிகளிலிருந்தும், எக்ஸ்பி ஆறு பிளாப்பிகளிலிருந்தும் நிறுவலைத் தொடங்க வழி வைத்திருந்தன.

சிடி பூட் ஆகத் தொடங்கியதும் அதை விநியோகிப்பதும் எளிதாயிற்று. 2000இல் கிளாவுஸ் க்னாப்பர் உருவாக்கிய க்னாப்பிக்ஸ், ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு லினக்ஸை சிடியிலிருந்து இயக்கிக் காட்டியது. உபுண்டு தன் ஷிப்இட் திட்டத்தின் வழியே 2011 வரை சிடிகளை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. 700 எம்பி கோப்பைப் பதிவிறக்குவது பெரும் செலவாக இருந்த இந்தியாவில், அந்த அஞ்சல் உறையும் பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த சிடிகளும் பலருக்கு லினக்ஸை அறிமுகம் செய்தன.

2000இன் இறுதியில் ஐபிஎம் விற்ற யுஎஸ்பி பென் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. பென் டிரைவை எந்த வகைத் தட்டாகக் கருதுவது என்பதில் பயாஸ் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. அந்தக் கால அமைப்புத் திரைகளில் யுஎஸ்பி-எஃப்டிடி, யுஎஸ்பி-ஜிப், யுஎஸ்பி-ஹெச்டிடி என்று மூன்று தெரிவுகள் இருந்தன. பிளாப்பி, ஜிப் தட்டு, ஹார்ட் டிஸ்க் என்று பென் டிரைவ் தரித்துக்கொள்ளக்கூடிய மூன்று வேடங்கள் அவை. ஒரே பென் டிரைவ் ஒரு கணினியில் பூட் ஆகி, பக்கத்துக் கணினியில் ஆகாமல் போனதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். முடிவில் ஹார்ட் டிஸ்க் வேடமே நிலைத்தது.

ஆனால் லினக்ஸ் விநியோகங்கள் இன்னமும் சிடிக்கான ஐஎஸ்ஓ கோப்பாகவே வந்தன. அவற்றைப் பென் டிரைவுக்கு ஏற்றபடி பிரித்து அடுக்க யுனெட்பூட்டின் போன்ற கருவிகள் 2007 முதல் தோன்றின. 2008இல் ஆன்வினின் சிஸ்லினக்ஸ் திட்டம் வழங்கிய ஐசோஹைப்ரிட் இதற்குச் சொன்ன தீர்வு, இந்த வரலாற்றிலேயே மிக அழகானது. சிடி தரம் தொடாமல் விட்ட முதல் 32 கிலோபைட்டில், ஹார்ட் டிஸ்குக்கு உரிய 512 பைட் பூட் செக்டரையும் பார்ட்டிஷன் பட்டியலையும் அது எழுதியது. சிடி டிரைவில் இட்டால் பயாஸ் 17ஆம் எண் செக்டரைப் பார்க்கும். பென் டிரைவில் எழுதினால் தொடக்கத்தில் உள்ள 55, ஏஏ அடையாளத்தைப் பார்த்து ஹார்ட் டிஸ்க் என ஏற்கும். ஒரே கோப்பில் இரண்டு வாசிப்புகளும் பொருந்தின. 2011இல் டெபியன் 6.0, உபுண்டு 11.10 ஆகியவற்றின் ஐஎஸ்ஓ கோப்புகள் இந்த வடிவில் வந்தபின், டிடி கட்டளை ஒன்றே போதுமானதாயிற்று. எழுதும் தட்டின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் டிடி எச்சரிக்காமல் ஹார்ட் டிஸ்கையே அழித்துவிடும் என்பது அதன் மறுபக்கம்.

விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்புகள் இந்த வடிவத்துக்கு மாறவில்லை. சிடி டிரைவ் இல்லாத நெட்புக்குகளுக்காக 2009 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட யுஎஸ்பி கருவியில் ஜிபிஎல் உரிமத்திலுள்ள நிரல்வரிகள் இருப்பது தெரியவந்தது. நிறுவனம் அதை விலக்கிக்கொண்டு, டிசம்பரில் ஜிபிஎல் உரிமத்திலேயே திரும்ப வெளியிட்டது. 2011 இறுதியில் பீட் படார்ட் வெளியிட்ட ரூஃபஸ், ஃபார்மேட் செய்வது, பூட் செக்டர் எழுதுவது, கோப்புகளை நகலெடுப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் கொண்டுவந்தது.

முதல் செக்டரை நம்பியிருந்த மரபை உடைத்தது, பயாஸின் இடத்தைப் பிடித்த யுஇஎஃப்ஐ. இன்டெல் தன் இட்டானியம் செயலிகளுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு 2005இல் பல நிறுவனங்கள் அடங்கிய மன்றத்திடம் சென்றது. யுஇஎஃப்ஐ, ஃபேட் கோப்பு முறைமையைத் தானே படிக்கும். பென் டிரைவில் இஎஃப்ஐ என்ற அடைவு, அதற்குள் பூட் என்ற அடைவு, அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருந்தால் போதும், அதை எடுத்து இயக்கிவிடும். கோப்புகளை நகலெடுப்பதால் மட்டும் தட்டு பூட் ஆகாது என்று டாஸ் காலத்திலிருந்து சொல்லப்பட்ட பாடம் இங்கே செல்லாததாகிவிட்டது. ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்த பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை நகலெடுத்தாலே அது பூட்டபிள் பென் டிரைவ்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. விண்டோஸின் இன்ஸ்டால்.விம் கோப்பு பிற்காலத்தில் அந்த அளவைத் தாண்டியது. அதைத் துண்டுகளாகப் பிரிப்பது ஒரு வழி. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனோடு, அதைப் படிக்கத் தேவையான டிரைவரைத் தாங்கிய சிறு ஃபேட் பார்ட்டிஷனையும் சேர்ப்பது ரூஃபஸ் கண்ட வழி. 2020இல் வந்த வென்டாய், பூட் லோடரை ஒருமுறை நிறுவிவிட்டு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே பென் டிரைவில் போட்டுவைக்க இடம்கொடுத்தது. தொடக்கத்தில் வரும் பட்டியலிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

2012இல் விண்டோஸ் 8 கணினிகளோடு பரவிய செக்யூர் பூட், ஊடகத்தின் அமைப்போடு நில்லாமல் கையொப்பத்தையும் கேட்டது. பூட் கோப்பில் ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாவிட்டால் யுஇஎஃப்ஐ அதை இயக்காது. லினக்ஸ் விநியோகங்கள் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற சிறு நிரலை முன்னே நிறுத்தி இதைக் கடந்தன. பழைய, குறையுள்ள, ஆனால் முறையான கையொப்பம் கொண்ட விண்டோஸ் பூட் கோப்பைப் பயன்படுத்தியே பிளாக்லோட்டஸ் என்ற தாக்குநிரல் உள்ளே நுழைந்தது 2023இல் தெரியவந்தது. அத்தகைய கோப்புகளைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் பணியை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மே மாதம் தொடங்கியது. பட்டியல் நடைமுறைக்கு வந்த கணினியில், அதற்கு முன் தயாரித்த விண்டோஸ் நிறுவல் பென் டிரைவ் பூட் ஆகாது. இந்தக் கையொப்பங்களுக்கு அடிப்படையாக மைக்ரோசாஃப்ட் 2011இல் வழங்கிய சான்றிதழ்களின் காலமும் 2026 ஜூன் முதல் முடிகிறது. அதனால் ஏற்கெனவே கையொப்பமான கோப்புகள் உடனே செயலிழந்துவிடுவதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டுச் சான்றிதழை மட்டும் கொண்ட புதிய பூட் கோப்பை, அந்தச் சான்றிதழ் பதியாத பழைய கணினி ஏற்காது. நிறுவல் ஊடகத்தின் பூட் கோப்பைப் புதிய கையொப்பம் கொண்டதாக மாற்றித்தர மைக்ரோசாஃப்ட் ஒரு பவர்ஷெல் நிரலைத் தனியே வெளியிட்டுள்ளது.