புகையாகப் போன கோக்

இரும்பை உருக்கும் கியூப்போலா உலை நேற்று வந்ததல்ல. 1794-ல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன் அதற்குக் காப்புரிமை பெற்றார். நெடிய குழாய் போன்ற அடுப்பு அது. பழைய இரும்பு, கோக் கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் மேலே கொட்டுவார்கள். கீழேயுள்ள துளைகள் வழியாகக் காற்றை ஊதுவார்கள். உருகிய இரும்பு அடியில் வந்து சேரும். அவ்வளவுதான்! எளிமையும் மலிவும் இருந்ததால், இருநூறு ஆண்டுகள் கழித்தும் கொல்கத்தாவை அடுத்த ஹவுராவின் சிறு வார்ப்பாலைகள் இதையே நம்பியிருந்தன. நியூயார்க் தெருக்களின் மேன்ஹோல் மூடிகளில் பல அங்கே வார்த்தவை.

ஆனால் ஊரெல்லாம் புகை. 1990-களில் மாசுக் கட்டுப்பாடு இறுகியபோது, சிறு முதலாளிகளுக்குத் தொழிலே நிலைக்குமா என்ற கவலை வந்தது.

புகையோடு வேறு என்ன போகிறது என்று பார்ப்போம். உலையின் அடியில் கோக் எரிந்து கரியமில வாயு உண்டாகிறது. அது மேலே ஏறும்போது, சூடான கோக்கோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. எரியக்கூடிய இந்த வாயு எரியாமலே வெளியேறினால், காசுதானே கரைகிறது?

பிரிட்டனில் 1970-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றை இரண்டாகப் பிரித்து, முதல் வரிசைத் துளைகளுக்குச் சற்று மேலே இரண்டாவது வரிசை வழியாகவும் ஊதினார்கள். மோனாக்சைடு உலைக்குள்ளேயே எரிந்தது. இரும்பு கூடுதலாகச் சூடேறியது, கோக் மிச்சமானது.

இதே முறையில், டெரி நிறுவனம் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு 1998-ல் ஹவுராவில் ஒரு மாதிரி உலையை இயக்கிக் காட்டியது. கோக் செலவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தூசியைப் பிடிக்க, குறுகலான கழுத்து வழியே புகையைச் செலுத்தித் தண்ணீரால் கழுவும் தனிக் கருவியும் வைத்தார்கள். ஒரு கன மீட்டர் வாயுவில் தூசி சுமார் 50 மில்லிகிராமாக இறங்கியது.

இங்கேதான் சிக்கல். உலைக்குப் போட்ட பணம் கோக் மிச்சத்தில் திரும்பி வந்துவிடும். புகை கழுவும் கருவிக்குப் போட்டது அப்படி வராது; அதன் லாபம் பக்கத்துத் தெருக்காரரின் நுரையீரலுக்கு! முதலாவதற்குக் கணக்குப் புத்தகமே போதும். இரண்டாவதற்குச் சட்டமும், அதை விடாமல் கேட்கும் ஊர்மக்களும் வேண்டும்.