குச்சிக்கிழங்கும் பதினோரு மணிப் பசியும்

மக்களே, ராசிபுரம், ஆத்தூர் பக்கம் பஸ்ஸுல போனவங்களுக்கு அந்தப் புளிச்ச வாசம் மறக்காது. சேகோ மில்லுங்க! இந்தத் தொழில் சேலத்துல ஆரம்பிச்சது 1943ல. உலகப்போரால வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னுபோக, மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்குல ஜவ்வரிசி பண்ணிப் பார்த்தாங்க. (மரவள்ளின்னு சொல்ற ஊர்க்காரங்க மன்னிக்கவும்.) கிழங்கை அரைச்சு, பாலை வடிகட்டி, அடியில தங்குற மாவை உருட்டி, வறுத்துக் காயவெச்சா ஜவ்வரிசி. மிஞ்சுற சக்கைக்குப் பேரு திப்பி. நார் அம்புட்டும் அதுலதான். அது மாட்டுத் தீவனத்துக்குப் போயிரும், வெறும் மாவுச்சத்து நமக்கு :-)

அதுக்குப் பத்து வருசம் கழிச்சு, 1953ல, அமெரிக்காவுல ழான் மேயர்ன்னு ஒரு விஞ்ஞானி பசிக்கு ஒரு கணக்குச் சொன்னார். இரத்தத்துல இருக்குற சர்க்கரையை மூளை கவனிச்சுக்கிட்டே இருக்கு. குறைஞ்சா பசி, ஏறுனா "போதும்". சரி, அப்ப சர்க்கரை வியாதிக்காரங்களுக்குப் பசியே எடுக்கக் கூடாதே? அதுக்கும் பதில் வெச்சிருந்தார். எவ்வளவு இருக்குங்கறது முக்கியமில்ல, செல்லு எவ்வளவு எடுத்துக்குதுங்கறதுதான் விசயம். இன்சுலின் வேலை செய்யலைன்னா சர்க்கரை வாசல்லயே நிக்கும், உள்ள பட்டினி.

எங்க பெரியப்பா சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல "வயிறு கிள்ளுதுடா"ம்பாரு. நாக்கு ருசின்னு வீட்டுல திட்டுவாங்க. மேயரைப் படிச்சப்போ அவரு ஞாபகந்தான் வந்துச்சு. பாவம் மனுசன், நாக்கு இல்லீங்க அது.

ஆனா மேயர் கணக்கு முழுசா நிக்கல. 1995ல சிட்னியில சூசன்னா ஹோல்ட் குழு 38 சாப்பாட்டை ஒரே கலோரி அளவுல குடுத்துப் பார்த்தாங்க. அதிகமா வயிறு நிறைச்சது, சர்க்கரையைச் சர்ருன்னு ஏத்துற வேகவெச்ச உருளைக்கிழங்கு! தண்ணியும் கனமும் சேர்ந்து வயித்தை ஏமாத்திருதுன்னு நினைக்கிறேன். 2021ல வந்த ஒரு ஆய்வு வேற பக்கம் காட்டுச்சு: சாப்பிட்ட பின்னாடி எவ்வளவு ஏறுதுங்கறதை விட, ரெண்டு மூணு மணி நேரத்துல எவ்வளவு கீழ விழுதுங்கறதுதான் அடுத்த பசியை இழுத்துட்டு வருது. காலையில எட்டு மணிக்கு இட்லி, பதினோரு மணிக்கு வடை... புரியுதுங்களா?

நம்ம ஜவ்வரிசி நிறைய மகாராஷ்டிரா பக்கம் போகுது, அதுவும் விரதச் சாப்பாடா. அங்க கிச்சடியில வேர்க்கடலையைப் பொடிச்சுக் கொட்டுறாங்க. கடலையில இருக்குற கொழுப்பும் புரதமும் சர்க்கரை ஏர்றதை மெதுவாக்கும். இங்க? ஜவ்வரிசி பாயாசம், அதுல ரெண்டு கரண்டி சர்க்கரை கூட.