பஸ்ஸில் தூக்கிப் போகிற தையல் மிஷின்: ஒரு சின்ன வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவி வீட்டுக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். பெயர் வேண்டாம். கல்யாணமானதிலிருந்து பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று ஆசிரியர் தினம். காலையில் பூ கொடுத்த பிள்ளைகளின் வீடுகளில் சாயங்காலம் அழுகுரல். அதற்குப் பிறகும் அவள் வேலைக்குப் போனாள். வேறு வழி? 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போதுதான் தையல் கற்றுக்கொண்டாள். திரும்பிப் போகவில்லை.

இப்போது அவள் தைப்பது ஜாக்கெட் இல்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடங்களில் விழுகிற வெட்டுத் துணியை வாங்கி வந்து, சதுரம் சதுரமாக ஒட்டுச் சேர்த்து, நடுவில் பழைய சேலையை அடுக்கித் தைக்கிற போர்வையும் தொட்டில் மெத்தையும். வெளிநாட்டில் இதை க்வில்ட் என்கிறார்கள். நம் பாட்டிமார் பழஞ்சேலையை மடித்துக் கைத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரித்தார்களே, அதன் தங்கச்சிதான் இது. வங்காளத்தில் காந்தா என்பார்கள். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள்.

"டீச்சர், மூணு ஊர்ல கத்துக்குடுக்கக் கூப்பிடுறாங்க. டவுன் பஸ்ல மிஷினத் தூக்கிட்டுப் போகணும். குழுவுல பன்னெண்டாயிரம் எடுத்திருக்கேன். எதை வாங்க?" என்றாள்.

எடுத்த பணத்தை வட்டியோடு கட்ட வேண்டும். தப்பான மிஷினில் அது போனால் மறுபடி ஆலை வாசல்தான். அதனால் உடனே பதில் சொல்லாமல், "ஒரு வாரம் கழித்து வா" என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும், ஏற்கெனவே தெரிந்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

தையல் மிஷினின் கதை ஒரு சண்டையில் தொடங்குகிறது. பிரான்சில் தீமோனியே என்ற தையல்காரர் 1830இல் காப்புரிமை வாங்கி, பாரிஸில் சுமார் 80 மிஷின்களை வைத்து ராணுவச் சீருடை தைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் 1831இல் உள்ளே புகுந்து அத்தனையையும் உடைத்தார்கள். மிஷின் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கூலி என்பது அவர்களுக்கு அன்றே புரிந்திருந்தது.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை வாங்கினார்கள். சிங்கரின் முதல் மிஷின் பெரிய இரும்பு உருப்படி. அது வந்த மரப்பெட்டியையே மேசையாக்கி அதன்மேல் வைத்துத் தைத்தார்கள். விலையும் எட்டாத உயரம். 1856இல் சிங்கர் கம்பெனி தவணை முறையைக் கொண்டு வந்தது. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். அடுத்து, வீட்டில் வைக்கிற அளவுக்குச் சின்ன மிஷின்களைச் செய்தது. விலை எட்டியது, எடை குறைந்தது. மிஷின் தொழிற்கூடத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கும் அது தவணையில் வந்தது. ஆனால் இங்கே பெரும்பாலும் கடைத் திண்ணையில்தான் உட்கார்ந்தது. மிதித்தவர் ஆண் டெய்லர். பெண்கள் துணியைக் கொடுத்துவிட்டு, "தீபாவளிக்கு முந்தி குடுத்துருவீகளா?" என்று கேட்டு நின்றார்கள்.

இதில் காந்தியடிகளும் வருகிறார். 1924இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், "நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்ற பொருளில் கேட்டார். காந்தி விதிவிலக்காகச் சொன்ன இயந்திரம் சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்தது அது என்பது அவர் விளக்கம். கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை 1947இல் தொடங்கியவர்.

1930களின் நடுவில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மிஷினைச் செய்யத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் பக்கத்து வீடுகளுக்குள் மிஷின் வந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட உள்நாட்டுத் தயாரிப்பாகத்தான். என் அம்மாவிடம் ஒரு கைமிஷின் இருந்தது. வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். இரும்பு வார்ப்பு. அதைப் பரணிலிருந்து இறக்க அப்பாவும் சித்தப்பாவும் வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு நேராக வருகிற வருடம் 1933. அமெரிக்காவில் கடும் பஞ்ச காலம். மாவு மூட்டைத் துணியைக்கூட வெட்டி உடுப்பும் போர்வையும் தைத்தார்கள். அந்த வருடம் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சிங்கர் 221 என்ற மிஷின் அறிமுகமானது. செல்லப் பெயர் ஃபெதர்வெயிட், அதாவது இறகு எடை. உடல் அலுமினியம். எடை சுமார் 5 கிலோ. மேசைப் பலகையை மடக்கிக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையில் தூக்கிப் போகலாம். நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனால் அதை அழகாகப் போடும். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு ஆகியும் க்வில்ட் தைப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். வகுப்புக்குத் தூக்கிப் போக அதுபோல வேறில்லை என்பார்கள்.

அதே கண்காட்சிக்காக சியர்ஸ் கம்பெனி க்வில்ட் போட்டி ஒன்று நடத்தியது. முதல் பரிசு 1,000 டாலர். வந்து குவிந்தவை ஏறத்தாழ 24,000. பரிசு வாங்கியவர் கென்டக்கி மாநிலத்தில் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி. பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அந்தப் போர்வையை அவர் தைக்கவே இல்லை. கூலிக்கு வேறு பெண்களைத் தைக்க வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் இருக்கிற கூலியும் போய்விடும் என்று அந்தப் பெண்கள் வாய் திறக்கவில்லை. போர்வை ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகப் போனது. தைத்தவர்களுக்குப் பரிசில் பங்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. உருட்டினவள், மருந்து அடைத்தவள், திரி வைத்தவள் யாருடைய பெயரும் பட்டாசுப் பெட்டியில் இருக்காது. அதனால்தான் அவளுக்கு வேலை மட்டும் போதாது, சொந்த மிஷின் வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளே தூக்கிப் போகக்கூடிய மிஷின்.

அவள் திரும்பி வந்ததும் நான்கு வழிகளைச் சொன்னேன்.

முதலாவது, அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம். தகுதி உள்ளவர்கள் விடாதீர்கள். ஆனால் ஸ்டாண்டு மிஷின் வீட்டோடு நிற்பது, பஸ் ஏறாது.

இரண்டாவது, என் அம்மாவின் கைமிஷின். "சும்மாவே தர்றேன்" என்றேன். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது, இரண்டாயிரத்துக்குள் விற்கிற பேட்டரி மினி மிஷின். இதில் நான் ஏமாந்தவள். விளம்பரம் பார்த்து வாங்கினேன். ஒற்றைத் துணியில் ஓடியது. மூன்றாவது மடிப்பில் ஊசி முறிந்தது, மறுநாள் மோட்டார் சுற்றவே இல்லை. க்வில்ட் என்றாலே அடுக்குத் துணி. அதற்கு இது ஆகாது.

நான்காவது, 5, 6 கிலோ எடையில் வருகிற மின்சார மிஷின். பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. "இதைத்தான் வாங்கு" என்றேன். பார்க்க வேண்டியதையும் எழுதிக் கொடுத்தேன். உள்ளே சட்டம் உலோகமாக இருக்கணும். பாதம் நன்றாக உயரணும், இல்லையென்றால் அடுக்கு உள்ளே போகாது. துணியை நகர்த்துகிற பல்லைக் கீழே இறக்க வசதி இருந்தால் வளைவுத் தையலுக்கு நல்லது. ஊசியும் பாபினும் சிவகாசியிலேயே கிடைக்கணும். நூறு டிசைன் தையலுக்குக் காசு கொடுக்காதே. ஃபெதர்வெயிட் ஒற்றை நேர்த்தையலை வைத்துக்கொண்டே பெயர் வாங்கியது. ஒட்டுச் சேர்க்க உனக்குத் தேவை கோணாத கால் அங்குலத் தையல்.

கடைசியாக ஒன்று சொன்னேன். "கடைக்காரர் கொடுக்கிற துணியில் தைத்துப் பார்க்காதே. உன் துணியைக் கொண்டு போ. நாலு அடுக்கு."

நானும் கூடப் போனேன். மதுரையில் ஒரு கடை. முதல் மிஷின் அடுக்கில் திணறியது. கடைப் பையன் முகம் சுளித்தான். அவள் விடவில்லை. இரண்டாவது மிஷின் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. விலை 10,400 ரூபாய். மீதியில் நூலும் 16ஆம் நம்பர் ஊசியும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மிஷினை மடியில் வைத்துக்கொண்டாள். "கீழ வைம்மா" என்று கண்டக்டர் சொல்லியும் வைக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பு போன செவ்வாய்க்கிழமை தொடங்கிவிட்டது. ஒன்பது பேர் வருகிறார்கள். ஒரே மிஷின், முறை வைத்துத் தைக்கிறார்கள். முடித்த மெத்தையின் மூலையில் தைத்தவர் தன் பெயரை நூலால் போட வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாத இருவர் அதற்காகவே என்னிடம் எழுதப் படிக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் ஓடக்கூடிய பழைய மிஷின் இருந்தால் சொல்லுங்கள். பழுது பார்க்கத் தெரிந்த என் மாணவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போங்கள். மத்தியானச் சாப்பாடு டீச்சர் வீட்டில்.